வரியில்லா ஊர்

ரூவியில் எங்கள் ஆஸ்பத்திரியின்
பில் கவுண்டரில் நான் இரண்டாம் நாற்காலி.
ஊசிக்கு ஒரு வரி, பஞ்சுக்கு ஒரு வரி,
இரவெல்லாம் ஓடிய டயாலிசிஸுக்கு
மணிக்கணக்கில் வரி.
இயந்திரம் துப்பத் துப்ப
பின் அடித்துக் கொடுப்பேன்.

நேற்று அடித்தது சந்தியாகுவின் பில்.
பாம்பன்காரன். குழாய் வேலை.
விசா முடிந்து ஏழு மாதம்.
காப்பீட்டு எண்ணைத் தட்டினால்
அப்படி ஒருவர் பதிவில் இல்லை என்கிறது கணினி.
இல்லாதவன் மூன்றாம் மாடியில்
சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுப் படுத்திருக்கிறான்.

மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு ரியால்,
அறுநூறு பைசா.
அந்த அறுநூறைத் தள்ள
எனக்கு அதிகாரம் உண்டு.
தள்ளினேன்.

சாயங்காலம் வீட்டுக்கு மஸ்தான் வந்தார்,
நீள நோட்டோடு.
"முடிஞ்சதை எழுதுங்க மேடம்."

மேடம்!
மேடத்தின் மகளுக்கு
இரண்டாம் தவணைப் பள்ளிக் கட்டணம் நிற்கிறது.
பல்லுக்குக் காப்பீடு கிடையாது என்பதால்
மேடம் ஆறு மாதமாக
இடப்பக்கமே மெல்லுகிறாள்.
தாம்பரத்தில் யாரோ வாடகைக்கு இருக்கும்
இரண்டு அறைக்குப் பாதிச் சம்பளம் போகிறது.

இந்த ஊருக்கு வந்ததே
வரி இல்லை என்றுதானே?
முதல் சம்பளச் சீட்டைக்
கிருபாகரனும் நானும்
விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்,
பிடித்தம் என்ற கட்டத்தில்
ஒரு கோடு மட்டும்.
பிறகு வந்தன நோட்டுகள்.
சலாலா சாலையில் அடிபட்ட பையனுக்கு ஒன்று.
பெட்டியில் ஊர் திரும்பியவருக்கு ஒன்று.
நோன்பில் ஒன்று, தையில் ஒன்று.
கூட்டிப் பார்த்தேன், தொழில் புத்தி.
ஊரில் பிடித்திருப்பார்களே,
அதற்குக் கொஞ்சந்தான் குறைச்சல்.

ஏன் நான்?
அவனைக் கூட்டி வந்த கம்பெனி எங்கே?
மாடிமேல் மாடி வைத்திருப்பவர் கதவு
ஏன் தட்டப்படுவதில்லை?
நடுவில் நிற்பவள் மடியைத்தான்
எல்லாக் கையும் தடவுகிறது.
சத்தமாகவே கேட்டேன்.
மஸ்தான் நோட்டை மூடவில்லை.
பேனா மூடியைக் கடித்தபடி நின்றார்.
அவருக்கு இன்னும் பன்னிரண்டு வீடு பாக்கி.

அப்போது பார்த்து அப்பா ஞாபகம் வந்து தொலைத்தது.
மதுரைப் பெரியாஸ்பத்திரியில்
நெஞ்சைத் திறந்து தைத்தார்கள்.
பில் என்று ஒரு தாளை
நாங்கள் கண்ணால் பார்க்கவில்லை.
யார் கட்டினார்கள்?
தீப்பெட்டி வாங்கியவன் கட்டியிருப்பான்.
வலைக்கு நைலான் நூல் வாங்கிய
பாம்பன்காரன் எவனோ கட்டியிருப்பான்.
நாளைக்கு இரண்டு கட்டு பீடி பிடித்த மனுசனுக்கு
எதற்கு என்று
எவனும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் எங்களிடம் பதிலும் இல்லை.

சந்தியாகுவின் படம்
என் கைப்பேசிக்கே நான்கு முறை வந்துவிட்டது.
மூக்கில் குழாய், கைலி விலகிய கால்.
'குடிப்பாரா?' என்று கேட்டிருக்கிறார் ஒருவர்.
'சத்தியமா இல்ல' என்று மஸ்தான் பதில்.

வரி என்றால் முகம் பார்க்க வேண்டாம்.
குணம் விசாரிக்க வேண்டாம்.
திட்டிக்கொண்டே கட்டலாம்,
வாங்குகிறவன் காதில் அது விழாது.
இங்கே பணத்தோடு
இரக்கத்தையும் கேட்கிறார்கள்.
என்னிடம் இருப்பில் குறைவு அதுதான்.

பத்து என்று எழுதினேன்.
அடித்துவிட்டு எட்டு என்று எழுதினேன்.
முப்பத்தொன்றாம் வரி.
இனிஷியலோடு என் பெயர்.
மஸ்தான் நன்றி சொன்னபோது
கதவைக் கொஞ்சம் வேகமாகத்தான் சாத்தினேன்.

காலையில் கவுண்டரைத் திறந்தேன்.
சந்தியாகுவின் பில்லில்
இன்னும் பதினேழு வரி.