எடை பார்த்து உட்காருங்கள்

வாடகை வண்டியில் ஒன்பது பேர்.
பாகம் பிரித்த நாளிலிருந்து பேசாத இருவரில்
இவர் முன் சீட்டில்,
இவருடைய அண்ணன் கடைசி சீட்டில்.
நடுவில் நாங்கள், புளிசாதம்,
மஞ்சரியின் வாந்திக்கு ஒரு கவர்.

தீர்த்தமலையில்
பாறையிலிருந்து விழுந்தது ராமர் தீர்த்தம்,
கோடை அல்லவா, நூல் தடிமன்தான்.
அண்ணன் நனைந்து நகரும்வரை காத்திருந்து
இவர் போய் நின்றார்.
இறங்கும்போது குரங்கு தேங்காய்மூடியைப் பறித்தது.
யார் பங்கு என்று கேட்கவில்லை.

அரூர். தருமபுரி. பென்னாகரம்.
ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்ப்பவர்
இரண்டு முதுகையும் பார்த்துவிட்டு
"கூடப் பொறந்தவங்களா?" என்றார்.
எனக்கு இருமல் வந்தது.

பரிசல்காரர் கறாரானவர்:
"கனமானவங்க ரெண்டு பேரும் எதிரெதிரா.
இல்லன்னா சாஞ்சிரும்."
முழங்கால்கள் முட்டிக்கொண்டன.

அருவிக்கு முன்னால்
துடுப்பைப் போட்டு ஒரு சுழற்று.
பாறை, அண்ணன், வானம், தம்பி,
பாறை, அண்ணன்.
மூத்தவர் வாய் அசைந்தது.
இவர் தலையாட்டினார்.
அந்த இரைச்சலில் எனக்கு எதுவும் விழவில்லை.

கரையேறியதும் கேட்டேன்,
என்ன சொன்னார்?
கட்லா வறுவலில் முள்ளெடுத்தபடி,
"தெரியல. எனக்கும் கேக்கல."

திரும்பும்போது மஞ்சரிக்கு முன் சீட்.
இவர் கடைசிக்குப் போக வேண்டியதாயிற்று.
தொப்பூர் இறக்கத்தில் திரும்பிப் பார்த்தேன்:
இருவரும் வாய் திறந்து உறங்குகிறார்கள்,
நடுவே ஈரத் துண்டு,
யாருடையதோ.