மூடு

புத்தூருக்குக் கொண்டுபோய் ஒரு கட்டுப் போடு
என்றான் மச்சான்.
எலும்பு உடைந்தால்தானே கட்டு?
எக்ஸ்ரேயில் எல்லாம்
சமர்த்தாக வரிசையில் நின்றன.
சட்டைப் பொத்தான் மட்டும்
என் மகனின் கையை
ஆள் தெரியாத மாதிரி
நழுவிக்கொண்டே இருந்தது.

நான் நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவன்.
இழை அறுந்தால் இருட்டிலும் முடிச்சுப் போடுவேன்,
பேசிக்கொண்டே.
பேசுவது எனக்கே கேட்காது, அது வேறு.
இந்த விரலுக்குப் பிறந்தவன்
ஆறு வயதில்
இட்லியைப் பிடித்தால் இட்லி பிதுங்குகிறது,
பென்சிலைப் பிடித்தால் பென்சில் விழுகிறது.
மணலில் கால் பட்டால் அலறுகிறான்.
என் சட்டையிலிருந்து ஒரு பஞ்சு பறந்து ஒட்டினால் போதும்,
கழுத்தைச் சுரண்டிச் சுரண்டி ரத்தம்.

செவ்வாயும் வெள்ளியும்
கவர்ன்மெண்ட் ஸ்கூல் பின்னறையில்
ஸ்ரவந்தி மேடம்.
அவருக்குத் தமிழ் புரியும், பேச வராது.
எனக்குத் தெலுங்கு பேச வரும், எழுத வராது.
லோகித்துக்கு என்னவெல்லாம் வராது என்பதை
நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு அவர் கொடுத்த பாடத்தை
கோமளா தமிழில் எழுதி பீரோவில் ஒட்டினாள்.
தாம்பாளத்தில் கேழ்வரகைக் கொட்டி
உள்ளே புதைத்த கோலிக்குண்டைத் தேடட்டும்.
மாவை அவனே பிசையட்டும்.
புடவைத் தூளியில் ஆட்டு, வேகம் வேண்டாம்.
கணுக்காலை நீ தூக்கிப் பிடி,
கூடத்திலிருந்து அடுப்படி வரை
கையால் நடந்து வரட்டும்.
அட்டை ஓரத்தில் துணி கிளிப், பத்து.
பத்தை அடித்து
மூன்று என்று போட்டிருந்தது.

கேழ்வரகில் முதல் நாள் ஒரு விரல்.
எடுத்துப் பார்த்தான், இருக்கிறதா என்று.
பதினோராம் நாள் மணிக்கட்டு வரை.
பிறகொரு மத்தியானம்
தானியம் மொத்தமும் தரையில்,
அதன்மேல் இவன் புரண்டுகொண்டிருந்தான்.
அன்று ராத்திரி களி
பல்லில் நறநறத்தது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கிளிப்தான் வரவில்லை.
மாம்பழ சீசன் வந்து போனது, ஜாத்திரை முடிந்தது.
கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்
பாகப்பிரிவினை ஆன பங்காளிகள் மாதிரி
எதிரெதிரே நின்றன, பேச்சுவார்த்தை இல்லை.

மேடம் எண்ணுவார்:
ஒகட்டி, ரெண்டு, மூடு.
ஒருநாள், மூன்றாவதில்
லோகித் கையை மூடினான்.
அவர் நிறுத்தினார். மறுபடி எண்ணினார்.
ஒகட்டி. பார்க்கிறான்.
ரெண்டு. பார்க்கிறான்.
மூடு.
மூடினான்.

நான்தான் சொன்னேன்:
மேடம், உங்கள் மூன்று
எங்கள் வீட்டில் ஒரு உத்தரவு.
கோமளா நாளைக்கு ஐம்பது தடவை சொல்வாள்,
கதவை மூடு, தறிச்சத்தம், மூடு.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே
ரொம்ப நேரம் சிரித்தார்.
அதற்கப்புறம் அந்த அறையில்
நாலு வரைக்கும் யாரும் எண்ணியதில்லை.

நேற்று, நைட் ஷிப்டுக்கு முன்னால்
சுவரோரம் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தேன்.
காதுக்குப் பின்னால் மூச்சு.
ஒகட்டி.
ரெண்டு.
மூன்றாவதை அவன் வாயால் சொல்லவில்லை.
மூடினான், பிறகு விட்டான்.
நீலக் கிளிப்
என் காதைக் கவ்விப் பிடித்தது.

இருபது வருஷம் தறி தின்ற காது.
அந்த வலி மட்டும்
சுத்தமாகக் கேட்டது.

கழற்றாமல் ஷெட்டுக்குப் போனேன்.
என்ன அது என்று எதிர்த்தறி முனிரத்தினம்
புருவத்தால் கேட்டான்.
அந்த இரைச்சலில் எதைச் சொல்ல?
கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும்
சேர்த்துத் தூக்கிக் காட்டினேன்.
இழை அறுந்துவிட்டது என்று நினைத்து
தறியை நிறுத்திவிட்டான்.