மார்ச்சுக்குள்

கதவை முதுகால் தள்ளிச் சாத்தினேன்.
பூந்தா அரேனாசில் காற்றுக்கும் ஏதோ வாங்க வேண்டியிருக்கிறது,
எந்தக் கடைக்குப் போனாலும் கூடவே நுழையும்.

எண்பதாயிரம் பெசோ, என்றேன் நிபால்தோவிடம்.
அதற்கு மேல் கேட்டால் என் சம்பளத்துக்குக் காது கேட்காது.
கப்பலில் எனக்கிருப்பது
ஒரு ஜோடி பூட்ஸுக்கே முனகுகிற அலமாரி.
பெட்டி அதற்குள் அடங்க வேண்டும்.
லேப்டாப் ஊட்டுகிற மின்சாரத்தில் பிழைத்துக்கொள்ள வேண்டும்:
அறையின் ஒரே பிளக்கை
மிர்த்தாவின் ஃபோன் பட்டா போட்டுக்கொண்டது.

என்ன பாட்டு என்று கேட்டான்.
உருளைக்கிழங்கு உரிக்கும்போது வந்தது.
உரித்து முடித்தும் போகவில்லை.

கண்ணாடி மேசைமேல் இரண்டை வைத்தான்.
ஒன்று மத்தி டப்பா அளவு, மைக்குக்கு ஒரு துளை.
இன்னொன்று செங்கல். இரண்டு துளை,
பக்கத்தில் பக்கத்தில், கண்கள்போல.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கிலோஹெர்ட்ஸ் என்றான் செங்கலைத் தட்டி.
வௌவால்களுக்கா பாடப் போகிறேன்?
சிரித்தான். விற்கிறவன் சிரித்தால்
விலை கொஞ்சம் இறங்கும், தரை தொடாது.

'ரெண்டு பேர் சேர்ந்து வாசிக்கலாம்,
நீ பாட, ஒருத்தர் கிதார்' என்றவன்
பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான்.
எலியேசெரின் கிதார் இப்போது போர்வெனிரில்
வேறொரு சமையலறைச் சுவரில் சாய்ந்திருப்பது
ஊருக்கே தெரியும்.

முதலில் செங்கலில் பேசிப் பார்த்தேன்.
மைக்கின் முன்னால் நின்றதும்
சொல்ல ஒன்றும் இல்லாமல் போய்விடுகிறது.
நாளைய சமையலைச் சொன்னேன்:
பயறு சூப், ரொட்டி, நூற்றுப்பத்து பேருக்குக் கோழி.
ஹெட்ஃபோனில் என் குரல்
ஒரு கணம் பிந்தி வந்தது.
நான் சொன்னதை யாரோ யோசித்துப் பார்த்து
சரிதான் என்பதுபோல.
பதினோரு வருடத்தில் எனக்கு
அப்படி யாரும் ஒப்புக்கொண்டதில்லை.

'அது லேட்டன்சி, ஒரு கோளாறு' என்று
பொத்தானை அழுத்தினான்.
யாரோ போய்விட்டார்கள்.
நான் மட்டும், நான் பேசும்போதே.

டப்பாவை எடுத்தேன்.
விரலுக்குத் தகுந்த வீக்கம்.
தவிர, இரவெல்லாம் என்னையே பார்த்துக்கொண்டு
காலியாக ஒரு துளை,
அதற்கும் சேர்த்து எதற்குப் பணம்?
எழுபத்தாறாயிரம். மிச்சத்துக்கு ஒரு கேபிள்.
பெட்டிக்குள்ளேயே கேபிள் இருந்ததைக்
கப்பலேறிய பிறகுதான் பார்த்தேன்.

புவேர்ட்டோ வில்லியம்ஸுக்கு முப்பத்திரண்டு மணி நேரம்.
பாத்திரம் கழுவி முடித்து
போர்வையைத் தலைக்கு மேல் இழுத்து
காதும் காதும் வைத்தாற்போல் பதிவு செய்தேன்.
கெயினை ஏற்றினால் கப்பலும் ஏறியது:
ம்ம்ம் என்று இரும்பு, படுக்கைக்கு அடியில்,
என் பாட்டின் சுருதிக்கு மயிரிழை கீழே,
பல்வலிபோல.
குறைத்தேன். ஏற்றினேன். தலையணையைச் சுற்றினேன்.
மூன்று இரவும் நிபால்தோவைத் திட்டினேன்,
செங்கலாயிருந்தால் இரைச்சல் வந்திருக்காது என்று.
வந்திருக்கும். அதற்கும் காது ஒன்றுதானே வேலை.

நான்காம் இரவு, வெறும் களைப்பில்,
பாட்டை இறக்கிக் கப்பலின்மேல் வைத்தேன்.
உட்கார்ந்துகொண்டது.
கப்பல் சுருதி போட, நான் பாடினேன்,
முதல்முறையாகக் கடைசி வரி வரைக்கும்.

மேல்கட்டிலிலிருந்து மிர்த்தா தலையைத் தொங்கப்போட்டாள்.
இயந்திர அறையில் எண்ணெய் போடுகிறவள்,
குளித்த பிறகும் டீசல் வாசம்.
ஒளித்து ஒளித்து நான் பாடிய
பத்தொன்பது தடவையும் கேட்டிருக்கிறாள்.

'அது மூணாவது சிலிண்டர்' என்றாள்.
'மார்ச்சுல சரி பண்ணிடுவாங்க.
அதுக்குள்ள பாடி முடி.'