எழுநூற்று முப்பதில் ஒன்று

தொழிற்பள்ளியில் எங்களுக்கு வாய்த்த மின்தூக்கிக்கு
உயரமே ஒன்றரை மாடிதான்.
கூரை அதற்குமேல் விடவில்லை.
பதினெட்டுப் பேர் அதை ஏற்றினோம், இறக்கினோம்,
வேண்டுமென்றே பாதியில் நிறுத்தினோம்.
மோட்டாரைக் கழற்றிப் பூட்டியபின்
திருகாணி ஒன்று மிஞ்சியது.
ஆசிரியர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
"இது தேர்வில் வராது" என்றார்.

அடிஸ் அபாபாவில் அப்போது
யூகலிப்டஸ் கம்புச் சாரத்துக்குள்
வீதிக்கு நாலு கட்டடம் வளர்ந்துகொண்டிருந்தது.
ஒவ்வொன்றின் நடுவிலும்
மேலிருந்து கீழ்வரை ஒரு காலிக் குழி.
மினிபஸ் ஜன்னலில் எண்ணிக்கொண்டே போவேன்:
இது எனக்கு, இது ஹப்தாமுவுக்கு,
இது வகுப்பில் தூங்கிவழியும் ரஹேலுக்கு.

சான்றிதழில் முத்திரை காய்வதற்குள்
அராத் கிலோவில் செய்தித்தாளை வாடகைக்கு எடுத்தேன்.
அரைமணிக்கு இவ்வளவு என்று கணக்கு.
தோளுக்கு மேல் எட்டிப் படிப்பவனைக்
கடைக்காரன் அதட்டிக்கொண்டே இருந்தான்.
மின்தூக்கிக்கு நான்கு விளம்பரம்.
நான்கிலும் ஒரே வரி:
இரண்டாண்டு அனுபவம் தேவை.

எங்கள் ஆண்டுக்குப் பதின்மூன்று மாதம்.
ஐந்தே நாள் கொண்ட அந்தத் துண்டு மாதத்தில்கூட
அனுபவத்தை யாரும் கடனாகத் தரவில்லை.

ரஹேலுக்கு ஒரு மாமா இருந்தார்.
தூக்கிவிட ஆளில்லாதவள்
தூக்கி படித்திருக்கிறேன்,
எனக்கு நானே சொல்லிச் சிரித்தேன்.
ஒருமுறைதான்.

போலேயில் பதினோரு மாடி. பொத்தான் அழுத்தும் வேலை.
நீல மேலங்கி, முக்காலி,
நாளெல்லாம் வாயில் ஒரே கேள்வி: எத்தனையாவது?
மின்சாரம் போனால்
படியேறித் தண்ணீர்க் கேன் சுமப்பதும் அதே சம்பளத்தில்.
என் பெயர் சிந்தாயெஹு.
எத்தனை பார்த்துவிட்டேன் என்று அதற்குப் பொருள்.
பார்த்ததெல்லாம் பெரும்பாலும் முதுகுகள்.

மழைக்காலத்து வியாழக்கிழமை,
மேலாளருக்குக் காப்பி வாங்கப் போயிருந்த நேரம்,
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே நின்றுவிட்டது.
உள்ளே
பல் பிடுங்கி வாய் மரத்துப்போன ஒருவர்,
கல்யாணத் தட்டோடு இரண்டு பெண்கள்.
நிறுவனத்து மெக்கானிக் மெகனாஞா நெரிசலில்
வந்துகொண்டே இருந்தார், தொலைபேசியில்.

மொட்டைமாடி எந்திர அறைக்கு
என்னை யாரும் போகச் சொன்னதில்லை.
போகாதே என்றும் சொன்னதில்லை.
முதலில் மெயினை அணைத்தேன்.
உள்ளே மூவர்தான், எதிரெடைதான் கனம்,
பிரேக்கை விட்டால் பெட்டி மேலேதான் போகப் பார்க்கும்.
ஒரு கையில் நெம்பு, ஒரு கையில் சக்கரம்.
விடு. பிடி. விடு. பிடி.
நகர்த்த வேண்டியது அரை மாடி.
படித்ததற்கு மேல்
ஓர் அங்குலம்கூட இல்லை.

ஏழாம் மாடிக் கதவை முக்கோணச் சாவியால் திறந்தபோது
பல்காரர் ஏதோ சொன்னார்.
நன்றியாகவும் இருக்கலாம்.
வசவாகவும் இருக்கலாம்.
பெண்கள் தட்டிலிருந்து ஒரு பேரீச்சம்பழம் தந்தார்கள்.

மெக்கானிக் நனைந்துபோய் வந்தார்.
பதிவேட்டில் 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதி
கையெழுத்துக்குக் குனிந்தார்.
பேனாவைக் கேட்டேன்.
"உனக்கெதற்கு?" என்றார் மேலாளர்.
"அனுபவம்" என்றேன்.
மெக்கானிக் என் கைகளைப் பார்த்தார்,
முழங்கைவரை கிரீஸ்.
நோட்டை என் பக்கம் திருப்பினார்.

இரண்டாண்டு என்றால் எழுநூற்று முப்பது நாள்.
மீதி எழுநூற்று இருபத்தொன்பது.
இப்போதெல்லாம் முக்காலியில் இருந்தபடி
மேலே கம்பிவடம் உரசும் ஓசைக்குக் காதைக் கொடுக்கிறேன்.
நின்றுபோ, நின்றுபோ.
கடவுளே,
உள்ளே யாரும் இல்லாதபோது.