மொழிபெயர்ப்பாளர், ஜாலான் டூத்தா

பதினேழு வருடமாக நீதிமன்றத்தில்
பிறர் வாயாக இருப்பது என் பிழைப்பு.

இன்று ஒருத்தி. செந்தூல், கையுறைத் தொழிற்சாலை, இரவு ஷிப்ட்.
"பஸ் இருக்க ஏன் நடந்தாய்?"
வக்கீல் மலாயில் கேட்டதைத் தமிழில் கேட்டேன்.
என் குரலில்.

மதியம் கேன்டீனில்
என் மீ கோரேங் ஆறுகிறது, பக்கத்து மேசை சூடாகிறது.
கைப்பேசிதான் என்கிறார் ஒருவர்.
சம்சு என்கிறார் மாசிலாமணி.
"தாய்க்காரி கவனிச்சிருக்கணும்."
"அந்தப் பிள்ளையும்தான் கொஞ்சம்..."
அந்தக் கொஞ்சத்தை யாரும் முடிக்கவில்லை.
தே ஓவைக் கலக்கும் சத்தம்.

காலையில் 'கெடுத்துட்டான்' என்றவர்கள்
இப்போது 'கெட்டுப்போன பொண்ணு' என்கிறார்கள்.
பிறவினை தன்வினையாகிவிட்டது.
செய்தவன் வாக்கியத்திலிருந்து எழுந்து
கை கழுவப் போய்விட்டான்.

இரண்டு மணிக்கு மறுபடி.
அரசுத் தரப்பு அந்த மலாய்ச் சொல்லைச் சொன்னது.
என் சொற்பட்டியலில் அதற்கு நேராகக் கற்பழிப்பு.
எத்தனை தடவை சொல்லியிருப்பேன்,
அவர்களிடம் எதுவோ அழிந்துபோனதைப் போல.
அவள் என் வாயையே பார்த்தாள்.

"இவன் உன்னை என்ன செய்தான்?"

நீதிபதிக்கும் கொஞ்சம் தமிழ் தெரியும்.
நிமிர்ந்தார்: அப்படியேதானா மொழிபெயர்த்தீர்கள்?

அப்படியேதான், யாங் அரிஃப், என்றேன்.