பிரேக் கம்பி

ஐந்தாம் நாள் காலை
நூற்று முப்பத்தொன்றாவது கண்ணியைக் கழற்றும்போது
ஆலாங் திங் சொன்னான்:
"இது யமஹாவோடது."
நுனியில் இருக்கும் ஈயக் குமிழைத் தடவியே
வண்டியின் பெயர் சொல்லிவிடுவான்.
ஆறு வருடம் மெக்கானிக்.
இதே கம்பியைக் கிலோ கணக்கில் விற்றவன்.
யாருக்கு எதற்கு என்று அன்றைக்கு அவன் கேட்கவில்லை,
இன்றைக்கு அவனை நாங்கள் கேட்பதில்லை.

லாவோஸ் எல்லை வரை ஓடுகிறது மலைமுகடு.
அதன் நீளத்துக்குச் செடிகொடியை வெட்டிச் சாய்த்து
முழங்கால் உயரத்தில் வேலி.
இருபதடிக்கொரு வாசல்.
வாசல்தோறும் வளைத்துக் கட்டிய இளமரம்,
சருகுக்கடியில் ஒரு வட்டம்.
தரையில் மேய்கிற எதுவும்
தாண்டச் சோம்பல்பட்டு வாசலைத் தேடி வரும்.
காட்டுக்கோழிகளும் அப்படித்தான்.
இறக்கை அவசரத்துக்கு.

நாங்கள் தேடி வந்தது நீலக் கோழி.
உச்சியில் வெள்ளைக் குஞ்சம், கண்ணைச் சுற்றிச் சிவப்பு.
படத்தில் அப்படி.
ஹனோயிலிருந்து வந்திருக்கும் லுயென் சொன்னாள்,
"இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று,
காட்டில் யாருமே பார்த்ததில்லை."
"யாருமே" என்றபோது
ஸொராம் நூ தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, ஈர விறகை ஊதிக்கொண்டே,
எனக்கு மட்டும் கேட்கும்படி:
"நான் தின்றிருக்கிறேன்."
எப்போது?
"இரண்டாவது பையன் பிறந்த வருடம்.
மழை விடாத வருடம்."
ருசி?
"கோழிதான். உப்பு இல்லை அன்றைக்கு."
எழுதிக்கொள்ளட்டுமா என்றேன்.
எழுது, பெயர் வேண்டாம் என்றார்.
படிவத்தைப் புரட்டிப் பார்த்தேன்,
அதற்குக் கட்டம் இல்லை.

கேமரா அட்டையில் மூவாயிரம் படம்.
காற்றில் ஆடிய பிரம்பு இலை ஆயிரத்தெட்டுத் தடவை.
ஒரு மரநாய். என் முழங்கால்.
விடிகாலை ஐந்து ஐம்பத்திரண்டுக்கு
தலையைச் சாய்த்துக்கொண்டு ஒன்று.
லுயென் மூச்சை இழுத்தாள்,
பெரிதாக்கிப் பார்த்தாள்,
விட்டாள்.
வெள்ளிக் கோழி.
இடது கால் கணுவோடு முடிந்திருந்தது.
ஆறிய புண். பழைய கண்ணி.
அடுத்த படத்தில் வெறும் சருகு.
ஒற்றைக் காலில் எந்தப் பக்கம் போயிற்றோ.

ராத்திரி எதிர்மலையில் கூவியது வேறொன்று.
ஆள் நீளத்துக்கு வால் உள்ளது.
அதையும் நாங்கள் காதால் மட்டுமே அறிவோம்.
பெட்டையை வரவழைத்து ஆடுவதற்காக
ஒரு சருகில்லாமல் தரையைப் பெருக்கி வைக்கும்.
பெருக்கிய தரை
கண்ணி வைக்கிறவனுக்கும் தூரத்திலேயே தெரியும்.
அப்படியோர் இடத்தை மூன்றாம் நாள் பார்த்தோம்.
சருகு மூடிக் கிடந்தது.
திங் அங்கே கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தான்.
கம்பி எந்த வண்டியுடையது என்று சொல்லவில்லை.

இறங்கியபோது மூட்டை இருபத்திரண்டு கிலோ.
காவல் சாவடியில் நிறுத்துப் பார்த்துக் கையெழுத்து வாங்கினார்கள்.
என் வண்டிக்கு முன் பிரேக் போய் ஒரு மாதம்.
திங் மூட்டைக்குள் கைவிட்டு
ஒரு கம்பியை உருவினான்,
மண்ணெண்ணெயில் துரு துடைத்தான்,
மாட்டினான்.
கணக்கில் ஒன்று குறையுமே என்றேன்.
"குறையட்டும்" என்றான்.

பதினோரு கொண்டைவளைவு.
ஏழாவதில், மஞ்சுக்குள்,
தாழ்வாக, கறுப்பாக, நடந்து, ஏதோ குறுக்கே.
அழுத்தினேன்.
கம்பி பிடித்தது, இந்த முறை சக்கரத்தை.

வீட்டுக் கோழி.
பின்னால் நாலு குஞ்சு. நாலாவது நொண்டவில்லை,
கல்லைக் கொத்திப் பார்க்க நின்றிருந்தது.
தாய் திரும்பி வந்தது, யோசித்தது,
மறுபடி வந்த பக்கமே நடந்தது.
என்ன அவசரம்.
எஞ்சினை அணைத்துவிட்டு நின்றேன்
அது ஒரு முடிவுக்கு வரும்வரை.