ஒன்பது பாகம்

வானகிரியிலிருந்து கிழக்கே முக்கால் மணி நேரம்.
கலங்கரை விளக்கமும் செல்போன் டவரும்
ஒரே கோட்டில் வந்ததும்
அஞ்சப்பன் எஞ்சினை அணைக்கிறார்.
"பார்" என்கிறார்.
பார்க்கச் சொல்கிறாரா
அடியில் கிடக்கும் பாறையைச் சொல்கிறாரா,
இரண்டுக்கும் இங்கே ஒரே சொல்தான்.

இடுப்பில் ஆறு கிலோ ஈயம்.
ஜெனோவா கட்டைவிரலைக் கவிழ்க்க
முதுகுப்புறமாய் விழுகிறோம்.

முதலில் பச்சை. பிறகும் பச்சை.
மூக்கைப் பிடித்து ஊதிக் காது திறந்ததும்
சத்தம்:
யாரோ ஓயாமல் கடுகு தாளிக்கிறார்கள்.
சொடுக்கு போடும் இறால்களாம், படித்திருக்கிறேன்.
ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

பாறை மெதுவாகத்தான் வந்தது,
விடியலில் மாட்டுக்கொட்டகை துலங்குவதுபோல.
பெரிய மீன் எதுவுமில்லை.
களவா ஒன்று வாய் திறந்து நிற்க
செவுளுக்குள் போய்வந்தது சிவப்பு இறால்,
வாசல் பெருக்குகிறவளின் நிதானத்தோடு.
அறுந்த வலையில் வால் சுற்றி ஒரு கடற்குதிரை.
பேனா மூடிக்குள் குடியேறிவிட்ட நண்டு.

ஜெனோவா ஒரு பொந்தருகே விளக்கைப் பிடித்தாள்.
நெல்மணி.
சத்தியமாய் நெல்மணி என்றுதான் நினைத்தேன்.
நகர்ந்தது.
ஊதா உடம்பு, மஞ்சள் ஓரம்,
மூச்சு வாங்க முதுகில் ஒரு பூ.
ஓடில்லாத நத்தை.
தமிழில் என்ன பேரென்று எனக்குத் தெரியாது,
அஞ்சப்பனுக்கும் தெரியாது.
வலையோடு வந்தால் அது ஒரு சொட்டுச் சளி.
பலகையில் எழுதினேன்: ஒன்று.
அழித்துவிட்டு எழுதினேன்: ஒன்று, இன்னொன்று.

மானியில் எழுபது.
காற்றை அளக்கும் கணக்குக்கும் பார் என்றுதான் பேர்.
ஏறினோம்.

படகில் போன் அடித்துக்கொண்டிருந்தது.
செம்பனார்கோயிலிலிருந்து ராசகண்ணு.
"அக்கா, மேட்டூரத் தெறந்துட்டான்.
பத்துப் பன்னெண்டு நாள்ல நம்ம வாய்க்கா."
ஐந்து மா. விதைநெல் கோணியில் காத்திருக்கிறது.
போன வருஷம் கடைமடைக்கு வந்தது
ஆறல்ல, ஆற்றின் வதந்தி.

ஆறு வந்தால் வண்டல் வரும்.
வண்டல் வந்தால் இந்தப் பார்
தை வரைக்கும் குழம்புக்குள் கிடக்கும்.
விளக்கடித்தால் கைகூடத் தெரியாது.

"வரட்டும்டா" என்றேன்.
கொஞ்சம் தாமதமாகத்தான் சொன்னேன்.
அவன் கவனிக்கவில்லை,
டிராக்டருக்கு யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அஞ்சப்பன் நங்கூரத்தை இழுத்தார்.
கொக்கியில் கொஞ்சம் சேறு.
எடுத்து விரலில் தேய்த்தேன்.
கறுப்பு, வழவழப்பு,
எங்கள் வயலுடையது மாதிரியே.
எந்த வருஷத்துத் தண்ணீர் கொண்டுவந்ததோ.
இன்னும் கொஞ்சம் எடுக்கக் கை நீட்டினேன்,
அதற்குள் அவர் கழுவிவிட்டார்.